ராத்திரி அழுகிற மாணவிக்குக் காலையில் நான்தான் மார்க் போட வேண்டும்

கேள்வி (புது டியூட்டர்):
ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு இப்போதுதான் நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் டியூட்டராகச் சேர்ந்திருக்கிறேன். என் பேட்சில் எட்டுப் பேர். அதில் ஒரு பெண்ணுக்கு வீட்டில் பெரிய பிரச்சினை. முதலில் வார்டு போஸ்டிங் சந்தேகம் கேட்டுத்தான் மெசேஜ் போட்டாள். இப்போது ராத்திரி 11 மணிக்கு "மேடம், தூங்கிட்டீங்களா?" என்று ஆரம்பித்து அழுகிறாள். பாவமாக இருக்கிறது. அடுத்த வாரம் மருந்து கொடுக்கும் செய்முறைத் தேர்வு, மார்க் போடும் செக்லிஸ்ட் என் கையில். அவள் மனசு நோகாமல் எங்கே கோடு கிழிப்பது?

வார்டு அக்கா:
பரிவு காட்டுவதில் தப்பே இல்லைம்மா. ஆனால் அவள் பாஸா ஃபெயிலா என்று கையெழுத்துப் போடுகிறவர் தோழியாக இருக்க முடியாது.

தேர்வன்று அவள் ட்ரேயோடு கட்டிலருகே போகிறாள், நோயாளி கையில் கட்டியிருக்கும் அடையாளப் பட்டையைப் பார்க்காமல் பெயரை மட்டும் கூப்பிட்டுவிட்டு சிரிஞ்சை எடுக்கிறாள் என்று வையுங்கள். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்துவீர்கள். இவள் என்றால் நேற்று ராத்திரி அழுதது ஞாபகம் வரும், வாய் எழாது. அது கடைசியில் படுத்திருக்கும் நோயாளி தலையில்தான் விடியும்.

ராத்திரி மெசேஜுக்குக் காலையில் பதில் போடுங்கள். நேரில் கூப்பிட்டு, "உனக்கு மார்க் போடறவ நான், இதைக் கேட்க வேண்டியவங்க வேற. வா, கவுன்சிலர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். நம்பரை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள், கூடவே நடந்து போங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே வார்டனை எழுப்ப வேண்டும்.

தேர்வுக்கு இன்னொரு டியூட்டரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

கடைசி வருஷ மாணவி:
மேடம், எங்கள் பேட்சில் ஒருத்தியிடம் மட்டும் டியூட்டர் ரொம்ப நெருக்கம். அவள் நிஜமாகவே நன்றாகச் செய்வாள். ஆனால் அவள் வாங்கிய மார்க்கை யாரும் நம்பவில்லை, கடைசியில் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாமல் போனாள். மற்ற ஏழு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
அதற்காக ஒரேயடியாக முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நோயாளியிடம் அளவுக்கு மீறி ஒட்டுவதும் தவறு, ஒதுங்குவதும் தவறு என்றுதானே நாம் பாடம் நடத்துகிறோம்? நீங்கள் அவளிடம் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் அவள் நாளைக்கு நோயாளியிடம் நடப்பாள்.

புது டியூட்டர்:
நாளைக்கே கவுன்சிலரிடம் நேரம் கேட்கிறேன். மெசேஜ் போட இத்தனை மணி வரைதான் என்று க்ரூப்பில் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவிடலாமா?

வார்டு அக்கா:
போடுங்கள். ஆனால் முதலில் அவளிடம் நேரில் பேசிவிட்டுப் போடுங்கள். க்ரூப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டால் தன்னைத்தான் குத்திக்காட்டுகிறீர்கள் என்று நினைப்பாள்.