புது வண்டி, பழைய என்சிபி, நடுவில் ஒரு ஜோசியர்

அஸ்தம்பட்டி வாசி:

போன ஆவணியில் புது கார் எடுத்தோம். 1200 சிசி பெட்ரோல், எக்ஸ் ஷோரூம் விலை 8,40,000. எந்த மாடல், என்ன கலர் என்று வீட்டில் மூன்று மாதம் பஞ்சாயத்து நடந்தது. இன்சூரன்ஸுக்கு ஒதுக்கியது ஐந்து நிமிடம், அதுவும் ஷோரூமில் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே.

கொட்டேஷனில் இன்சூரன்ஸ் என்று ஒற்றை வரி: 44,800. பிரித்துக் கொடுங்கள் என்றேன். "எல்லாமே அதுலயே வந்துருங்க சார், பம்பர் டு பம்பர்" என்றார் விற்பனைப் பையன். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். பழைய காரை விற்பதற்காகக் காகிதங்களை எடுத்து வைத்தபோதுதான் அதன் பாலிசி கண்ணில் பட்டது. என்சிபி (நோ கிளெய்ம் போனஸ்) 50 சதவீதம். கிளெய்ம் வாங்காத முதல் வருடத்துக்கு 20, அப்புறம் 25, 35, 45 என்று ஏறி 50-இல் நிற்கும் தள்ளுபடி அது. வண்டியோடு போவதில்லை, வண்டிக்காரரோடு வரும். பழைய காரை விற்ற பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் எடுக்கும் புது காரில் போட்டுக்கொள்ளலாம். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும்தான் குறையும், அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டியில் குறையாது. ஷோரூமில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. புக்கிங் என் மனைவி பெயரில். எனக்கு இரும்பு ஆகாது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். (பழைய கார் பன்னிரண்டு வருடம் என் பெயரில்தான் ஓடியது. அது என்ன மரத்தாலா செய்தது?) விசாரித்தால், கணவன் என்சிபியை மனைவி பெயருக்கு மாற்ற வழியில்லை. உரிமையாளர் இறந்தால் மட்டும் வாரிசுக்குப் போகுமாம். "இந்தத் தள்ளுபடி உனக்கு வரணும்னா நான் போய்ச் சேரணும்" என்றேன். முறைத்தாள். மறுநாள் காலை அவளே ஷோரூமுக்கு போன் போட்டுப் பெயரை மாற்றச் சொன்னாள்.

அப்புறம் வெளியே இரண்டு கம்பெனிகளில் விலை கேட்டேன். என்சிபி போக 26 ஆயிரம் சொச்சம் வந்தது. எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கொடுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன் என்றதும் ஷோரூமில் பேச்சு மாறியது. வெளியில் போட்டால் கேஷ்லெஸ் (பழுதுபார்த்த பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது) வராது, ஃப்ளோர் மேட் கிடையாது என்றார்கள். கேஷ்லெஸ் என்பது கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம், பாலிசியை எங்கே வாங்கினோம் என்பதைப் பொறுத்தது இல்லை. எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2017-இலேயே விதி போட்டுவிட்டது. அதைச் சொன்னதும் மேனேஜர் வந்தார். அரை மணி நேரத்தில் அவர்களே 27 ஆயிரத்துக்கு இறங்கினார்கள். அங்கேயே போட்டுக்கொண்டேன். நாளைக்கு வண்டியை விடப்போவது அந்த ஒர்க்‌ஷாப்பில்தானே. ஃப்ளோர் மேட்டும் வந்தது.

செவ்வாய்ப்பேட்டை மண்டி:

நான் மூவாயிரம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஜீரோ டெப் (உதிரிபாகத்துக்குத் தேய்மானம் கழிக்காத கவர், பம்பர் டு பம்பர் என்பதும் இதுதான்) வேண்டாம் என்றவன். ஐந்தாவது மாதம் லீ பஜாரில் ரிவர்ஸ் எடுக்கும்போது லாரியில் இடித்துவிட்டேன். பில் 23 ஆயிரம். பிளாஸ்டிக், ரப்பர் என்றால் புது வண்டியாக இருந்தாலும் பாதி தேய்மானம் கழிப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. இப்போதைய காரில் பின்பக்கம் இடித்தால் பிளாஸ்டிக்கைத் தவிர வேறு என்ன உடையும்? ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 வேறு. கையிலிருந்து 11 ஆயிரத்துக்கு மேல் போனது.

மலைக்காபி:

எங்களுக்கு ஏற்காடு, கொஞ்சம் காபித் தோட்டம் உண்டு. வாரத்துக்கு மூன்று தடவை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குகிற வண்டி. ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் இறங்கும்போது ரோட்டில் உருண்டு கிடந்த கல்லைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்க்க மழை விடவில்லை, இருட்டும் வந்துவிட்டது. கொஞ்ச தூரத்தில் ஆயில் விளக்கு எரிந்தது. அடிவாரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். நான்கு வளைவுதான் பாக்கி. மூன்றாவதில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் நல்ல மனுஷன்தான், மரியாதையாகவே சொன்னார்: "கல் பட்டது விபத்துங்க, ஆயில் சம்ப்புக்குப் பணம் வரும். ஆயில் இல்லாம ஓட்டினது நீங்க. எஞ்சினுக்கு வராதுங்க." சம்ப் என்பது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி, அதற்கு வந்தது ஆறாயிரம். எஞ்சினுக்கு நான் கொடுத்தது ஒரு லட்சத்துச் சில்லறை. எஞ்சின் புரொடெக்ட் என்று தனி கவர் உண்டு. அடிப்பக்கம் அடிபட்டு ஆயில் ஒழுகுவது, எஞ்சினுக்குள் தண்ணீர் போவது, இதற்கெல்லாம் அதுதான். ஷோரூமில் அதைச் சொன்னார்கள், ஊரில் வெள்ளமா வரப்போகிறது என்று நான்தான் சிரித்தேன். அது இருந்தாலும் விளக்கு எரிந்தால் நிறுத்திவிடுங்கள், வண்டியை இழுத்துவரச் சொல்லிக் காத்திருங்கள். குரங்குகள் வைப்பரைப் பிடுங்கும், பிடுங்கட்டும்.

மாமாங்கம் ரோடு:

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காட்டில் மாட்டிக்கொண்டோம். ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. தங்கிய இடத்தில் நிறுத்தியிருந்த கார்மேல் சில்வர் ஓக் கிளை விழுந்தது. போட்டோ எடுத்து, நகர்த்துவதற்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லிவிட்டோம். புயல், மண்சரிவு எல்லாம் சாதாரண முழு பாலிசியிலேயே உண்டு, பணம் வந்துவிட்டது. ஒரு கேள்வி: ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி மொத்தமாகப் போனால் வாங்கின விலையே கிடைக்கும் கவர்) எடுக்கலாமா, தண்டமா?

அஸ்தம்பட்டி வாசி:

நான் எடுத்தேன். என் காருக்கு ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பு, 7,98,000, அதாவது எக்ஸ் ஷோரூமில் 5 சதவீதம் கழித்தது. திருட்டுப் போனால் அவ்வளவுதான் தருவார்கள். சாலை வரியாகக் கட்டிய லட்சத்துக்கு மேல் பணம் போனது போனதுதான். இந்தக் கவர் இருந்தால் அதுவும் வரும். ஆனால் திருட்டுக்கும், பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டும் விபத்துக்கும் மட்டும்தான். முதல் மூன்று வருடம் போதும் என்பது என் கணக்கு.

இன்னொன்று. புது காருக்குத் தேர்ட் பார்ட்டி 3 வருடம் சேர்த்துப் போடுவார்கள், 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடம்தான். அதைப் புதுப்பிக்காமல் 90 நாள் தாண்டினால் சேர்த்த என்சிபியும் போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டை மண்டி:

இதைப் படித்துவிட்டுப் பாலிசியைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில் இரண்டு தேதி இருக்கிறது. நான் இத்தனை நாள் தேர்ட் பார்ட்டி முடிகிற பெரிய தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓன் டேமேஜ் போன மாதம் 11-ஆம் தேதியே முடிந்திருக்கிறது. நேற்றுக்கூட அந்த வண்டியில்தான் விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய்ப் பக்கம் போய் வந்தேன். இருங்கள், கட்டிவிட்டு வருகிறேன்.