தேர்தலுக்கு முந்திய ஞாயிறு ரோமர் 13: வேதபாடத்தில் எப்படி எடுப்பது?

வேதபாடப் பொறுப்பாளர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாக்குப்பதிவுக்கு முந்திய ஞாயிறு, பெரியவர்கள் வேதபாடத்துக்கு ரோமர் 13:1-7 வந்திருக்கிறது. 45 நிமிடம், 20 பேர் வருவார்கள், எல்லார் கையிலும் பழைய மொழிபெயர்ப்புதான். "ஆளுகிறவர்களைத் தேவனே வைத்தார், எதிர்த்துப் பேசக்கூடாது" என்கிறார்கள் சிலர். "அதை விட்டுவிட்டு, மனுஷரைவிட தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்கிற அப்போஸ்தலர் 5:29 எடுங்கள்" என்கிறார்கள் வேறு சிலர். பகுதியைத் தட்டிக்கழிக்காமல் எடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்? ஆலயத்துக்குள் சட்டப்படி எதுவரை பேசலாம் என்பதும் தெரிய வேண்டும்.

ஓலைச்சுவடி:
13:1-இல் தொடங்காதீர்கள். முதல் சறுக்கலே அங்கேதான். பவுல் ரோமருக்கு இந்தக் கடிதத்தை எழுதியபோது 12, 13 என்ற அத்தியாயப் பிரிவு கிடையாது. அது 13-ஆம் நூற்றாண்டில் போட்டது. 12:14 முதல் 13:10 வரை ஒருவரை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். நாலைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

வாசிக்கும்போது "கோபாக்கினை" (கோபத்தால் வரும் தண்டனை) என்ற சொல் வருமிடங்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். 12:19-இல் "நீங்கள் பழிவாங்காமல், கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்" என்று இருக்கும். 13:4-இல் தீமை செய்கிறவன்மேல் "கோபாக்கினை வரப்பண்ணும்படி" அதிகாரி நிற்கிறான். கிரேக்கத்திலும் இரண்டிடத்திலும் ஒரே சொல்தான். துன்பப்படுத்துகிறவனை நீ பழிவாங்காதே, நியாயம் தீர்க்க தேவன் ஒரு பொது ஏற்பாடு வைத்திருக்கிறார் என்று பேச்சு ஓடிவருகிறது. அரசு என்பதற்கு முழு விளக்கம் எழுத பவுல் உட்காரவில்லை.

பிறகு 4-ஆம் வசனத்தில் நன்றாக நில்லுங்கள்: "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு, அவன் தேவ ஊழியக்காரனாயிருக்கிறான்." ஊழியக்காரன் என்றால் எஜமான் ஒருவர் மேலே இருக்கிறார், கொடுத்த வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலையை அளக்கும் கோலும் அதே வசனத்தில் இருக்கிறது: நன்மை. 20 நிமிடத்தை இதற்கே ஒதுக்கலாம்.

"கீழ்ப்படி" என்ற சொல்லையும் சொல்லுங்கள். 13:1-இல் கிரேக்கம் 'ஹூப்பொடஸ்ஸோ', ஒரு ஒழுங்குக்குக் கீழே தன்னை நிறுத்திக்கொள்வது. எபேசியர் 6:1-இல் பிள்ளைகளுக்குச் சொல்வது 'ஹூப்பகூவோ', சொல் கேட்பது. அப்போஸ்தலர் 5:29-இல் மூன்றாவதாக வேறொரு சொல். தமிழில் மூன்றுமே "கீழ்ப்படி" என்று வந்துவிட்டதால்தான் நம்மவர்களுக்கு இரண்டு பகுதிகளும் நேருக்கு நேர் மோதுவதுபோலத் தெரிகிறது.

கூடாரத்தொழிலாளி:
ஓலைச்சுவடி ஐயா சொன்ன வாசிப்பு முறை சரி. ஆனால் அந்தக் கடைசிச் சொல்லாராய்ச்சியின்மேல் அதிக பாரம் ஏற்ற வேண்டாம். 1 பேதுரு 3:5-6-ஐப் பாருங்கள்: 5-இல் 'ஹூப்பொடஸ்ஸோ', அதற்கே உதாரணமாக 6-இல் சாராளுக்கு 'ஹூப்பகூவோ'. இரண்டும் அங்கே அடுத்தடுத்து ஒரே பொருளில் நிற்கின்றன. வகுப்பில் யாராவது அதைக் கேட்டால் உங்கள் வாதம் விழுந்துவிடும். 4-ஆம் வசனத்தில் ஊன்றினால் போதும்.

அதைவிட உறுதியான சான்று பவுலின் நடத்தை. பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் ஓசையில்லாமல் அனுப்பப் பார்த்தபோது அவர் போகவில்லை. "அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்து விடட்டும்" என்றார் (அப். 16:37). 25:11-இல் "இராயனுக்கு (ரோமப் பேரரசருக்கு) அபயமிடுகிறேன்" என்கிறார், இன்றைய பேச்சில் சொன்னால் மேல்முறையீடு. அதிகாரியிடம் சட்டத்தைக் காட்டிக் கணக்குக் கேட்பது ரோமர் 13-க்கு விரோதம் என்றால் அதை எழுதியவரே மீறியிருக்கிறார்.

இந்தப் பகுதி எப்படியெல்லாம் கையாளப்பட்டது என்பதற்கு 5 நிமிடம் ஒதுக்குங்கள். 2018 ஜூனில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், எல்லையில் பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரித்த நடவடிக்கைக்கு ரோமர் 13-ஐத்தான் ஆதரவாகக் காட்டினார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசுக்கு முட்டுக்கொடுக்க இதே வசனங்களைப் பயன்படுத்தியதை அந்நாட்டு இறையியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் "அரசு இறையியல்" என்று பெயர் சொல்லிக் கண்டித்தது. 1934 மே மாதம், சபைக்குள் நாஜிகளின் தலையீட்டை எதிர்த்த ஜெர்மன் கிறிஸ்தவர்கள் வெளியிட்ட பார்மென் அறிக்கை, ஐந்தாம் கூற்றில், "தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" (1 பேதுரு 2:17) என்பதை எடுத்தே அரசின் எல்லையைக் குறித்தது. பயம் தேவனுக்கு, ராஜாவுக்குக் கனம். நம் நாட்டில் 1975 அவசர நிலையின்போது மார்த்தோமா சபையின் யூஹானோன் மார்த்தோமா மெத்ராப்போலீத்தா (தலைமைப் பேராயர்), அதை விலக்கும்படி இந்திரா காந்திக்கே கடிதம் எழுதினார். அமைதியாக, பெயர்போட்டு, உரியவருக்கு எழுதிய கடிதம். கீழ்ப்பட்டிருந்துகொண்டே எதிர்ப்பது எப்படி என்பதற்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

சாட்சிப்பெட்டி:
சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

மத நிறுவனங்களின் தவறான பயன்பாட்டைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆலய வளாகத்தை அரசியல் செயல்பாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பேசியவர் மட்டுமல்ல, நிர்வாகிகளும் மாட்டுவார்கள். வேட்பாளர் ஆராதனைக்கு வந்து உட்காரலாம், மைக் கொடுக்காதீர்கள். சபையின் வாட்ஸ்அப் குழுவில் சின்னம் போட்ட படம் வந்தால் உடனே நீக்கிவிடுங்கள்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3): மதம், சாதி, இனம், மொழி சொல்லி வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை. வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் சேரும் என்று 2017 ஜனவரி 2-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. "நம்ம ஆளுக்குப் போடுங்கள்" என்ற பேச்சு இதில்தான் வரும்.

"இவருக்குப் போடாவிட்டால் தேவகோபம் வரும்" என்று சொன்னால், யார் சொன்னாலும், பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 171-இன்படி முறையற்ற செல்வாக்கு.

தாராளமாகச் செய்யக்கூடியவை: வாக்குப்பதிவு நாள், நேரம், அடையாள அட்டை அறிவிப்பு, நடக்க முடியாதவர்களைக் கட்சி பாராமல் அழைத்துப்போக ஏற்பாடு, பகுதியை விளக்குவது.

வேதபாடப் பொறுப்பாளர்:
மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். "பணத்தை வாங்கிக்கொள்வோம், ஓட்டை மனசாட்சிப்படி போடுவோம்" என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். என்ன பதில்?

சாட்சிப்பெட்டி:
அதே நியாய சன்ஹிதாவின் பிரிவு 170-இல் வாங்குவதும் குற்றம்தான். 173-இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஓட்டை மாற்றிப் போட்டேன் என்பது தப்பிக்க வழியல்ல.

ஓலைச்சுவடி:
வேதத்திலிருந்து லஞ்சத்தைப் பற்றிய யாத்திராகமம் 23:8-ஐ வாசியுங்கள்: "பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்." வாங்கியும் தெளிவாக இருப்பேன் என்கிறவரை நோக்கித்தான் இந்த வசனம் பேசுகிறது, குருடாவது பார்வையுள்ளவன். வாசித்துவிட்டு ரோமர் 13:8-க்குத் திரும்புங்கள்: அன்புகூருகிற கடனேயல்லாமல் "மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்." உறையை வாங்கினவர் நாளைக்கு ரேஷன் கடையிலோ தாலுகா அலுவலகத்திலோ நியாயம் கேட்கப் போனால், "வாங்கினாயே" என்று ஒரே வார்த்தையில் அவர் வாயை அடைத்துவிடுவார்கள்.

முடிவில், அதிகாரத்தில் உள்ளவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 2:1-2-ஐ வைத்து ஜெபியுங்கள். வேட்பாளர் எல்லாருடைய பெயரையும் வாக்குச்சீட்டு வரிசைப்படியே வாசியுங்கள். ஒரு பெயரில் மட்டும் குரல் ஏறினாலும் வகுப்பு கவனித்துவிடும்.