கடல் மட்டம் இறங்கினா டெல்டா மண் அடுக்கு ஏன் தடிமனாகுது?

டிராக்டர்காரன் (காவேரிப்பட்டணம்):
எல்லாருக்கும் வணக்கம்ங்க. என் மச்சான் நாகப்பட்டினம் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டுற இடத்துல வேலை செய்யறார். கடல் மட்டம் இறங்கிக் கிடந்த காலத்துலதான் ஆறுங்க தடிமனான மண் அடுக்கைப் போட்டுச்சாம், கிலோமீட்டர் கணக்குல. எனக்குப் பிடிபடலை. நான் பத்து வருஷமா ஏரி வண்டல் அடிக்கிறவன். தண்ணி நின்னாத்தான் வண்டல் படியும். கடல் பின்வாங்கினா மண்ணு எப்படிச் சேரும்? கறிச்சோறு முன்னாடி சண்டை வேணாம்னு விட்டுட்டேன்.

பழைய பூகோள வாத்தியார் (பாலக்கோடு):
தம்பி, உங்க ஊருக்கு மேலாலயே பதில் கிடக்கு. கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) 52 அடி நிரம்பி நிக்கறப்ப தென்பெண்ணை கொண்டுவர்ற மணல் மதகுகிட்ட வராது. ஆறு நுழையற வால் பக்கமே விழுந்துடும். அங்க ஆழம் கம்மி, அதனால மெலிசா அகலமா பரவும். சித்திரையில தண்ணி இறங்கினதும் போய்ப் பாருங்க. ஆறு தான் போட்ட திட்டைத் தானே நடுவுல அறுத்துக்கிட்டு ஓடும். ஒரு தடவை இறங்கி நின்னேன், அறுத்த கரை என் இடுப்பு உயரம். அடியில விரக்கடை மணல், மேல நகத்தளவு களி, மறுபடி மணல். ஒரு வெள்ளத்துக்கு ஒரு பட்டை. எண்ண ஆரம்பிச்சு, வெயில் தாங்காம ஏறிட்டேன். அறுத்த மண்ணெல்லாம் எங்க போச்சு? மிச்சத் தண்ணி நிக்கற ஆழத்துக்கு.

கடல்லயும் இதே கதைதான். சுமார் 20,000 வருஷம் முன்னாடி, பனியுகத்து உச்சத்துல, கடல் இன்னைக்கு இருக்கறதைவிட சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு. பாக் நீரிணையே தரை. கரையோரத்து ஆழமில்லாத கண்டத்திட்டு வெளிய வந்துடுச்சு. ஆறுங்க அதை அறுத்துக்கிட்டு விளிம்பு வரைக்கும் போய்க் கொட்டிச்சு. கண்டத்திட்டு மேலயே கொட்டினா குழி சீக்கிரம் தூர்ந்து மண் பக்கவாட்டுல பரவணும். விளிம்புல ஆழத்துக்குப் பஞ்சமில்லை, ஒரே இடத்துல ஏறிக்கிட்டே போகும். அங்கயும் நிக்காத சேறு சரிஞ்சு ஆழ்கடல்ல விசிறியா விரியும்.

அமேசானைப் பாருங்க. கடல் இறங்கியிருந்தப்ப அதோட ஆழ்கடல் விசிறியில ஆயிரம் வருஷத்துக்குப் பல மீட்டர் சேறு சேர்ந்துச்சு. கடல் ஏறின பிறகு சேறெல்லாம் திட்டுலயே தங்கிடுது. விசிறி மேல இப்ப மூடியிருக்கறது சுமார் ஒரு மீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் கடல் நுண்ணுயிருங்களோட மேலோடுதான்.

ரிக்_ஓசூர்:
வாத்தியார் சொன்னது சரி, ஆனா கிலோமீட்டர் கணக்கு அதுல மட்டும் வராதுங்க. இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானாங்கற பழைய பெருங்கண்டம் பிளந்தப்ப காவிரிப் படுகையில தரையே பள்ளம் விழுந்து இறங்கிச்சு. கோடிக்கணக்கான வருஷமா இறங்க இறங்க ரொம்பிக்கிட்டே வந்திருக்கு. அதுக்குள்ள கடல் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கும்.

பழைய பூகோள வாத்தியார் (பாலக்கோடு):
ஆமா, அதை நான் விட்டுட்டேன். மச்சான் ரெண்டையும் கலந்து சொல்லியிருக்கார்.

டிராக்டர்காரன் (காவேரிப்பட்டணம்):
அப்ப அவர் பாதி ஜெயிச்சார், நான் பாதி. ஞாயித்துக்கிழமை அணை வால் பக்கம் போறேன். பர்மிட் ஏதாவது வேணுமா சார்?

பழைய பூகோள வாத்தியார் (பாலக்கோடு):
பாக்கறதுக்கு எதுக்குப் பர்மிட்? டிராக்டரை மட்டும் வீட்டுல விட்டுட்டுப் போங்க.