ப்ராடக்ட் ஓனர் வாடிக்கையாளரின் தேவையை நேரடியாக அறிய, அணி எப்படி உதவலாம்?

கார்முகில் கேட்டது:

வணக்கம். கிடங்குகளில் சரக்கு இருப்பைக் கணக்கு வைக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கும் அணியில் ஸ்க்ரம் மாஸ்டராக, அதாவது குறுகிய சுற்றுகளாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறை சரியாக நடக்க அணிக்கு உதவுபவராகப் பணியாற்றுகிறேன். எதை முதலில் உருவாக்குவது என்று முடிவெடுக்கும் எங்கள் ப்ராடக்ட் ஓனர் உழைப்பிலும் அக்கறையிலும் குறை வைக்காதவர். பேக்லாக்கை (செய்ய வேண்டியவற்றின் பட்டியலை) எப்போதும் ஒழுங்காக வைத்திருப்பார். ஸ்பிரிண்ட் எனப்படும் ஒவ்வொரு வேலைச் சுற்றையும் திட்டமிடுவதற்கு முன்பே, ஒவ்வொரு யூசர் ஸ்டோரிக்கும் (பயனரின் தேவையைச் சொல்லும் சிறு குறிப்புக்கும்) ஏற்பு நிபந்தனைகளை, அதாவது வேலை முடிந்தது என்று ஏற்பதற்கான அளவுகோல்களை எழுதிவிடுவார். ஆனால் அந்த ஸ்டோரிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால், விற்பனைப் பிரிவின் மின்னஞ்சல்கள், சப்போர்ட் டிக்கெட்டுகள், மேலதிகாரிகளின் கூட்டங்கள் ஆகிய மூன்றோடு முடிந்துவிடுகிறது. எங்கள் மென்பொருளை நாள் முழுக்கப் பயன்படுத்தும் ஒருவரோடு அவர் கடைசியாக எப்போது பேசினார் என்பது அணியில் எவருக்கும் தெரியாது.

இதனால் தேவைகள் எங்களை வந்தடையும்போதே தீர்வுகளாக மாறியிருக்கின்றன. "இந்தத் திரையில் ஒரு பட்டன் வேண்டும்", "அந்த அறிக்கையை எக்செல்லில் தர வேண்டும்" என்று வரும் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் சிக்கல் என்ன என்று டெவலப்பர்கள் கேட்டால், "வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார்" என்பதற்கு மேல் பதில் கிடைப்பதில்லை. சொன்ன தேதியில் சொன்னபடியே செய்து கொடுத்த வசதிகள் பலவற்றை, வெளியிட்ட பிறகு எவரும் தொடுவதே இல்லை என்பதைப் பயன்பாட்டுப் பதிவுகள் காட்டுகின்றன.

இதில் தலையிடுவது என் பொறுப்புக்கு உட்பட்டதா, அல்லது ப்ராடக்ட் ஓனரின் அதிகாரத்தில் கைவைப்பதாகிவிடுமா? உட்பட்டது என்றால், அவர் மனம் கோணாமல் எங்கிருந்து தொடங்குவது?

வெண்பலகை எழுதியது:

முதல் கேள்விக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. ஸ்க்ரம் முறையை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 2020-இல் திருத்தி வெளியிட்ட அதன் வழிகாட்டி நூலான ஸ்க்ரம் கைடு, ப்ராடக்ட் ஓனருக்கு ஸ்க்ரம் மாஸ்டர் ஆற்ற வேண்டிய பணிகளில் ஒன்றாக, தேவைப்படும்போது ஸ்டேக்ஹோல்டர்களோடு (வாடிக்கையாளர், பயனர் போன்ற தொடர்புடையவர்களோடு) இணைந்து செயல்பட வழி அமைத்துக் கொடுப்பதையும் குறிப்பிடுகிறது. எதை முதலில் செய்வது என்ற முடிவு ப்ராடக்ட் ஓனருடையது. அந்த முடிவை எடுப்பதற்கு அவருக்குத் தேவையான விவரங்கள் கிடைக்கும் பாதையைச் சீர்செய்வது உங்கள் வேலைதான். ஆகவே தயங்க வேண்டாம்.

என் அனுபவத்தில், ப்ராடக்ட் ஓனருக்கு வாடிக்கையாளரைப் பற்றிய தகவல் குறைவாக இருப்பதில்லை. வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அவை அனைத்தும் பிறர் வாய்வழியாக வந்தவை. பயனர் ஒரு தொல்லையைச் சொல்கிறார். அவருடைய மேலாளர் அதை ஒரு வசதியாக மாற்றிக் கேட்கிறார். விற்பனைப் பிரிவு அதற்கு ஒரு தேதியைச் சேர்க்கிறது. ப்ராடக்ட் ஓனர் அதை ஸ்டோரியாக எழுதுகிறார். நான்காவது கையில் தொல்லை மறைந்து பட்டன் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதற்கு ஸ்டோரி எழுதும் முறையை மேம்படுத்துவதோ புதிய படிவம் கொண்டுவருவதோ மருந்தாகாது. ப்ராடக்ட் ஓனர் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போகும்போது ஒரு டெவலப்பரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட எக்செல் கோரிக்கை எங்கள் அணிக்கும் வந்தது. நாங்கள் செய்ததும் இருப்புக் கணக்கு மென்பொருள்தான். இருப்புப் பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ப்ராடக்ட் ஓனரும் ஒரு டெவலப்பரும், சரக்கு எண்ணும் நேரத்தில் கிடங்கு மேற்பார்வையாளர் அருகில் நின்று பார்த்தார்கள். அவர் திரையில் இருந்த பட்டியலை நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினார். வரிசைகளைக் கையாலேயே மேலும் கீழுமாக நகர்த்தினார். அச்செடுத்து, அட்டையில் செருகி, பேனாவோடு அலமாரி அலமாரியாக நடந்தார். எண்ணி முடித்ததும் மேசைக்குத் திரும்பி, தாளில் குறித்த அத்தனை எண்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் ஏற்றினார். எங்கள் மென்பொருள் பொருள் குறியீட்டின் வரிசையில் பட்டியலைக் காட்டியது. அவர் நடக்க வேண்டியிருந்ததோ அலமாரி வரிசையில். கேட்டபடி பட்டனைச் செய்து கொடுத்திருந்தால், நகலெடுத்து ஒட்டும் ஒரு வேலை மட்டும் அவருக்கு மிச்சமாகியிருக்கும். அலமாரி வரிசையில் பட்டியலைத் தந்து, நின்ற இடத்திலேயே கைபேசியில் எண்ணிக்கையைப் பதிய வழி செய்ததும், எக்செல்லைப் பற்றிய பேச்சே எழவில்லை. இதைக் கோரிக்கைக் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் அந்த மேற்பார்வையாளருக்கே வரிசை ஒரு சிக்கலாகத் தோன்றவில்லை. வேலை அப்படித்தான் என்று பழகியிருந்தார்.

நேரில் செல்ல இயலாதபோது பேசியாவது அறியலாம். அப்போது கேள்வியின் காலம் முக்கியம். "இப்படி ஒரு வசதி தந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால், மரியாதைக்காகவாவது ஆம் என்றுதான் சொல்வார்கள். அதை விடுத்து, "கடைசியாகக் கணக்கும் சரக்கும் ஒத்துவராமல் போனது எப்போது? உடனே எதைத் திறந்து பார்த்தீர்கள்? யாரைக் கூப்பிட்டீர்கள்? எவ்வளவு நேரம் பிடித்தது?" என்று நடந்து முடிந்த ஒரு நிகழ்வைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். இது புதிய உத்தி அன்று. உளவியலாளர் ஜான் ஃபிளானகன், குறிப்பிட்ட சம்பவங்களைச் சேகரித்து ஆராயும் முறையை 1954-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். மனிதர்கள் தங்கள் வருங்கால நடத்தையைக் கணிப்பதில் வல்லவர்கள் அல்லர். நேற்று செய்ததைச் சொல்வதில் பெரும்பாலும் நம்பத்தக்கவர்கள்.

பழைய டெஸ்டர் எழுதியது:

வெண்பலகை சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு கிடங்குக்குப் போய் வந்த உற்சாகத்தில், அந்த ஒருவரின் பழக்கத்தையே எல்லோருடைய தேவையாகக் கொண்டுவிடும் ஆபத்து உண்டு. "ஐந்து பேரிடம் சோதித்தால் போதும்" என்ற, பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சனின் பரிந்துரையை இதற்கு ஆதாரமாகக் காட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் பேசியது இடைமுகச் சோதனையைப் பற்றி. ஐந்து பயனர்கள் ஒரு வடிவமைப்பின் பயன்பாட்டுக் குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிக்கொணர்வார்கள் என்பது அவருடைய கணக்கு. ஒரு தேவை எத்தனை வாடிக்கையாளர்களுக்குப் பொதுவானது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. நேரில் பார்த்தது காரணத்தைக் காட்டும்; அது எவ்வளவு பரவலானது என்பதைப் பயன்பாட்டுப் பதிவுகளில்தான் தேட வேண்டும்.

சப்போர்ட் டிக்கெட்டுகளை ஒதுக்கிவிடவும் வேண்டாம். டிக்கெட்டின் தலைப்பை விட்டுவிட்டு, பயனர் தம் சொற்களில் எழுதிய முதல் இரண்டு வரிகளை ப்ராடக்ட் ஓனர் படிக்கட்டும். சப்போர்ட் ஊழியர் வகைப்படுத்திய பின் மிஞ்சுவது வகை மட்டுமே.

கார்முகில் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ப்ராடக்ட் ஓனரிடம் பேசிப் பார்த்தேன். அவர் மனம் கோணவில்லை, உண்மையில் அவரும் இதை விரும்புகிறார். தடை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசினால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதிகளைக் கொடுத்துவிடுவோம் என்று விற்பனைப் பிரிவு அஞ்சுகிறது. மேலும், பேக்லாக் வேலைகளே அவருடைய நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வதால், வெளியே செல்ல அவருக்குப் பொழுதே இருப்பதில்லை.

தேடல்முனை எழுதியது:

விற்பனைப் பிரிவின் அச்சம் நியாயமானது. அதை எதிர்ப்பாகக் கொள்ளாமல் நிபந்தனையாக ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் சில சந்திப்புகளில் விற்பனையிலிருந்து ஒருவர் உடன் வரட்டும். புதிய வசதி எதையும் பேசமாட்டோம், தேதி எதையும் சொல்லமாட்டோம், இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று மட்டுமே கேட்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நடந்ததைக் கேட்பதில் வாக்குறுதிக்கே இடமில்லை என்பதை அவர்கள் ஓரிரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், வாடிக்கையாளரின் பெயர்ப் பட்டியலை அவர்களே கொண்டுவந்து தருவார்கள். ஏனெனில் தங்கள் வாடிக்கையாளரிடம் அக்கறையோடு ஒருவர் விசாரிப்பது விற்பனைக்கும் நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, ப்ராடக்ட் ஓனரின் நாள் எங்கே போகிறது என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஸ்டோரிகளின் நுணுக்கங்களை எல்லாம் அவர் ஒருவரே எழுதுவதாக உங்கள் கேள்வியிலிருந்து புரிகிறது. அது அவருக்கு மட்டும் உரிய பணி அன்று. பேக்லாக்குக்கு அவரே பொறுப்பு என்றாலும், எழுதும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம் என்பதை ஸ்க்ரம் கைடே அனுமதிக்கிறது. மென்பொருள் வல்லுநர் ரான் ஜெஃப்ரிஸ் 2001-இல் யூசர் ஸ்டோரிக்கு அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் என மூன்று கூறுகளைச் சொன்னார்; அவற்றில் அட்டை என்பது பேச வேண்டியதை நினைவூட்டும் குறிப்பு மட்டுமே. டெவலப்பர்களும் டெஸ்டர்களும் பயனரைத் தாங்களே பார்த்திருந்தால், ஏற்பு நிபந்தனைகளை அவர்களே எழுதிவிடுவார்கள். ப்ராடக்ட் ஓனர் படித்துத் திருத்தினால் போதும். டெவலப்பரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

ஸ்பிரிண்ட் ரிவ்யூவையும், அதாவது சுற்றின் முடிவில் செய்ததைப் பார்வையிடும் கூட்டத்தையும் கவனியுங்கள். பல அணிகளில் அது உள்ளுக்குள்ளேயே நடக்கும் ஒரு செயல்விளக்கமாகச் சுருங்கிவிட்டது. அதை வெறும் விளக்கக் காட்சியாக நடத்த வேண்டாம் என்று ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பு சொல்கிறது. மென்பொருளை உண்மையில் பயன்படுத்தும் ஒருவரையாவது அதற்கு அழையுங்கள். நீங்கள் திரையை இயக்கிக் காட்டாமல், அவர் வழக்கமாகச் செய்யும் ஒரு வேலையை அவரிடமே கொடுத்துவிட்டு அமைதியாக இருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்த இடத்தில் தாளை எடுத்துக் குறித்துக்கொள்கிறார் என்பதை அணி முழுவதும் ஒரே நேரத்தில் பார்க்கும். அணிக்குள் நீண்ட நாள் தீராமல் இருந்த முன்னுரிமை வாதங்கள் அத்தகைய அரைமணி நேரத்தில் முடிவுக்கு வந்ததைக் கண்டிருக்கிறேன்.

இறுதியாக ஒன்று. தர மேலாண்மை ஆய்வாளர் நொரியாகி கானோ 1984-இல் விளக்கியபடி, இருந்தே ஆக வேண்டியவை என்று வாடிக்கையாளர் எண்ணும் பண்புகளை அவர் வாய்விட்டுக் கேட்பதில்லை, இல்லாதபோதுதான் கொதிக்கிறார். இருப்புக் கணக்கில் எண் தவறாமல் இருப்பது அத்தகைய ஒன்று. கோரிக்கைகளை மட்டும் எண்ணி முன்னுரிமை கொடுத்தால் இவை பேக்லாக்கின் அடியிலேயே கிடக்கும். ஆகவே முதல் சந்திப்பிலேயே, எங்கள் மென்பொருளை நம்பாமல் நீங்கள் தனியே எதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.