ஆய்வகம் அலகை மாற்றியபின் சர்க்கரை வரைபடம் சரிந்து விழுகிறது: பழைய பதிவுகளை எப்படித் திருத்துவது?

வார்டுமேசை:
வணக்கம். எங்கள் மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு ஆய்வக முடிவுகள் எச்எல்7 2.5.1 (மருத்துவ மென்பொருள்களுக்கிடையே தரவு அனுப்பும் தரநிலை) செய்திகளாக வருகின்றன. ஆய்வகம் புதிய மென்பொருளுக்கு மாறியதிலிருந்து, ரத்தச் சர்க்கரை 101 என்று இருந்த நோயாளிக்கு அடுத்த முடிவு 5.6 என்று விழுகிறது. அலகு மட்டும் பழையபடி மி.கி./டெ.லி. (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) என்றே காட்டுகிறது. தாழ்சர்க்கரை எச்சரிக்கை ஓயாமல் அடிக்கிறது. 18-ஆல் பெருக்கினால் கணக்கு பொருந்துகிறது. 40-க்குக் கீழ் உள்ள எல்லா மதிப்பையும் தரவுத்தளத்திலேயே ஒரே கட்டளையில் 18-ஆல் பெருக்கிவிடலாமா?

தரவுப்பாலம்:
தயவுசெய்து அந்தக் கட்டளையை ஓட்டாதீர்கள். 30 என்ற மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது மி.கி./டெ.லி. என்றால் உயிருக்கு ஆபத்தான தாழ்சர்க்கரை. மி.மோல்/லி. (லிட்டருக்கு மில்லிமோல்) என்றால், மி.கி./டெ.லி. கணக்கில் சுமார் 540. நேர் எதிரான சிகிச்சை. எண்ணைப் பார்த்து அலகை ஊகிக்கும் எந்த விதியும், தவறவே கூடாத நோயாளிகளிடம்தான் தவறும்.

முதலில் மூலச் செய்தியைத் திறந்து, முடிவைத் தாங்கும் ஓபிஎக்ஸ் பிரிவில் மூன்று புலங்களைப் பாருங்கள்: ஓபிஎக்ஸ்-3 (சோதனைக் குறியீடு), ஓபிஎக்ஸ்-6 (அலகு), ஓபிஎக்ஸ்-7 (இயல்பு வரம்பு). ஓபிஎக்ஸ்-6-இல் மி.மோல்/லி. என்று சரியாக வந்திருந்தால், பிழை உங்கள் இடைமுக எஞ்சினில் (செய்தியைப் படித்துப் பதிவேட்டில் சேர்க்கும் மென்பொருளில்) இருக்கிறது. சோதனைக் குறியீட்டை மட்டும் படித்துவிட்டு, அலகை உள்ளூர் அட்டவணையிலிருந்து ஒட்டும் வடிவமைப்பு பரவலாக உண்டு. அலகு மாறாதவரை அது வெளியே தெரியாது.

செய்தியை இங்கே ஒட்டவேண்டாம். பிஐடி என்ற நோயாளி விவரப் பிரிவில் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இருக்கும். அந்த மூன்று புலங்களை மட்டும் சொல்லுங்கள்.

வார்டுமேசை:
நீங்கள் சொன்னது சரி. பெரும்பாலான செய்திகளில் ஓபிஎக்ஸ்-6-இல் மி.மோல்/லி. இருக்கிறது. சிலவற்றில் அலகுப் புலம் காலி. ஆனால் ஓபிஎக்ஸ்-7-இல் 3.9-5.5 என்று வருகிறது. எஞ்சின் ஓபிஎக்ஸ்-6-ஐப் படிக்கவே இல்லை. எல்லாமே லாயிங்க் (ஆய்வகச் சோதனைகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) 2345-7 என்று பதிவாகியிருக்கிறது.

தரவுப்பாலம்:
2345-7 என்பது நிறைச் செறிவுக்கான (மி.கி./டெ.லி. போன்றவை) குறியீடு. மோல் செறிவுக்கு (மி.மோல்/லி. போன்றவை) 14749-6. லாயிங்கில் அளவிடும் பண்பும் குறியீட்டின் ஒரு பகுதி. ஆகவே அலகு மாறும்போது குறியீடும் மாறியாக வேண்டும். ஆய்வகக் குறியீட்டை லாயிங்குடன் இணைக்கும் பொருத்த அட்டவணையின் திறவுகோலாக அனுப்பும் ஆய்வகம், உள்ளூர்ச் சோதனைக் குறியீடு, அலகு மூன்றையும் சேர்த்து வையுங்கள். மூன்றும் பொருந்தாத செய்தி பதிவேட்டுக்குள் நுழையக்கூடாது. அலகை யூசியுஎம் (அலகுகளை எழுதும் பொதுக் குறியீட்டு முறை) வடிவில் சேமியுங்கள். எச்எல்7-இன் புதிய தரநிலையான ஃபயருக்கு மாறும்போது, அதில் முடிவுகளைத் தாங்கும் அப்சர்வேஷன் என்ற பகுதியின் அளவுப் புலத்தில் அப்படியே உட்காரும்.

பொருந்தாத செய்திக்கு ஏஇ என்று பிழைப் பதில் அனுப்பத் தோன்றும். பல ஆய்வக மென்பொருள்கள் அதைக் கண்டால் அதே செய்தியை மறுபடி மறுபடி அனுப்பும். பின்னால் நிற்கும் முடிவுகளெல்லாம் தேங்கிவிடும். ஏஏ (ஏற்றுக்கொண்டோம் என்ற பதில்) கொடுத்துப் பெற்றுக்கொண்டு, தனி வரிசையில் நிறுத்துங்கள். அந்த வரிசைக்கு எல்லா நேரமும் ஒரு பொறுப்பாளர் இருக்கவேண்டும். நிறுத்திவைத்த முடிவை வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். கண்ணில் படாத முடிவும் தவறான முடிவைப் போலவே ஆபத்தானது.

கோப்புக்காவல்:
பழைய பதிவுகள் பற்றி. மதிப்பை நேரடியாக மாற்றினால், அன்று மருத்துவர் திரையில் என்ன கண்டு முடிவெடுத்தார் என்ற சான்று அழிந்துவிடும். திருத்தம் புதிய பதிப்பாக வரவேண்டும்.

பாதிக்கப்பட்டவற்றைப் பிரிக்க, செய்தித் தலைப்புப் பிரிவின் எம்எஸ்எச்-3, எம்எஸ்எச்-4 (அனுப்பும் மென்பொருள், நிறுவனம்), எம்எஸ்எச்-7 (செய்தி நேரம்) பயன்படுத்துங்கள். மாதிரி எடுத்த தேதியை நம்பினால், மாற்றத்துக்கு முன் எடுத்துப் பின் அனுப்பிய முடிவுகள் விட்டுப்போகும். பிறகு காப்பகத்தில் உள்ள மூலச் செய்திகளைத் திருத்திய பொருத்த அட்டவணை வழியே மீண்டும் ஓட்டுங்கள். ஓபிஆர் என்ற சோதனைக் கோரிக்கைப் பிரிவின் ஓபிஆர்-3-இல் ஆய்வகம் தந்த அதே ஆர்டர் எண் இருக்கட்டும். ஓபிஎக்ஸ்-11-இல் சி, அதாவது திருத்தப்பட்ட முடிவு. ஆர்டர் எண் மாறினால் பதிவேடு அதைப் புதிய சோதனையாக எண்ணிப் பக்கத்தில் இன்னொரு வரியைச் சேர்த்துவிடும்.

ஓட்டும் முன் எச்சரிக்கை விதிகளை அணைத்துவிடாதீர்கள். மறு ஓட்டத்தின் எச்சரிக்கைகளைத் தனிப் பட்டியலுக்குத் திருப்புங்கள். 'தாழ்வு' என்றிருந்து 'இயல்பு' அல்லது 'உயர்வு' என்று மாறிய ஒவ்வொரு முடிவையும் மருத்துவர் ஒருவர் பார்க்கவேண்டும்; அதை நம்பி இன்சுலின் அளவு குறைக்கப்பட்டிருக்கலாம்.

சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்க்க பிஐடி-5, 7, 11, 13 (பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி) புலங்களையும், என்டிஇ குறிப்புகளையும் அகற்றுங்கள். என்டிஇ-யில் பெயர் ஒளிந்திருப்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பிஐடி-3 நோயாளி எண்ணுக்கு ரகசியச் சாவியுடன் கூடிய ஹாஷ் (எண்ணை அடையாளம் தெரியாத குறியீடாக மாற்றும் கணக்கீடு) போடுங்கள். சாதாரண ஹாஷ் போதாது: ஏழெட்டு இலக்க எண்கள் அனைத்தையும் கணினி நொடிகளில் கணக்கிட்டு மூல எண்ணைக் கண்டுபிடித்துவிடும்.

வார்டுமேசை:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகங்கள். அலகும் வரம்பும் இரண்டுமே காலியாக உள்ளவற்றை என்ன செய்வது? மற்ற சோதனைகளுக்கும் இதே ஆபத்து உண்டா?

தரவுப்பாலம்:
முதலாவதற்கு, ஆய்வகத்தின் சொந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அங்கும் இல்லையென்றால் 'அலகு தெரியவில்லை' என்று குறித்து, வரைபடத்திலிருந்தும் எச்சரிக்கைக் கணக்கிலிருந்தும் விலக்குங்கள். அழிக்கவேண்டாம்.

இரண்டாவது: உண்டு. கிரியாட்டினின் 1 மி.கி./டெ.லி. என்பது 88.4 மைக்ரோமோல்/லி.; எண் பெரிதாகத் தாவுவதால் யாராவது கவனித்துவிடுவார்கள். ஹீமோகுளோபின் கிராம்/டெ.லி.-யிலிருந்து கிராம்/லி.-க்குப் பத்து மடங்கு. பொட்டாசியத்தில் மி.மோலும் மில்லி ஈக்விவலன்டும் ஒரே எண்தான், தொடவேண்டாம். என்னைக் கேட்டால் மிக மோசமானது யூரியா. யூரியாவும் யூரியா நைட்ரஜனும் (யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) ஒரே மி.கி./டெ.லி. அலகில் வரும், ஆனால் யூரியா சுமார் 2.14 மடங்கு அதிகம். அலகுச் சோதனை அதைப் பிடிக்காது. லாயிங்க் 3094-0 யூரியா நைட்ரஜனுக்கு உரியது. உங்கள் ஆய்வகம் 'யூரியா' என்ற பெயரில் எதை அனுப்புகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கோப்புக்காவல்:
ஒன்று விட்டுப்போனது. தவறான மதிப்புகள் ஏற்கெனவே வெளியேறியிருக்கும்: டிஸ்சார்ஜ் சுருக்கப் பிடிஎஃப்கள், பிற மருத்துவமனைக்கு அனுப்பிய பரிந்துரைக் கடிதங்கள், ஆய்வுக்கான தரவுக் கிடங்கு. தரவுத்தளத் திருத்தம் இவற்றைத் தொடாது. தணிக்கைப் பதிவில் ஏற்றுமதி நிகழ்வுகளைத் தேடி, பெற்றவர் ஒவ்வொருவருக்கும் திருத்தக் குறிப்பு அனுப்புங்கள். பிடிஎஃப்-ஐ மாற்றி எழுதாமல் பின்னிணைப்பாகச் சேருங்கள்.