'ஸ்லீப்': கவிதையை மாற்றிய பிறகும் அந்த இசை பொருந்துகிறதா?

கேள்வி (நடுக்குரல்):
அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் 'ஸ்லீப்' என்னும் சேர்ந்திசைப் படைப்பை எங்கள் குழு பயின்று வருகிறது. அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் பனிக்காட்டுக் கவிதைக்கே ('ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவினிங்') அவர் முதலில் இசையமைத்தார் என்றும், கவிதையின் உரிமையை வைத்திருந்தோர் இசைவு தர மறுத்ததால் சார்ல்ஸ் அந்தோனி சில்வெஸ்ட்ரி அதே இசைக்கு வேறு கவிதை எழுதிக் கொடுத்தார் என்றும் அறிகிறேன். ஒரு கவிதையின் உணர்விலிருந்து பிறந்த இசை இன்னொன்றுக்கு உண்மையாகப் பொருந்துமா? 1923இல் வெளியான ஃப்ராஸ்டின் கவிதைக்கு அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் 2019 தொடக்கத்தில் முடிந்துவிட்டதால், மூலச் சொற்களுக்கே திரும்பலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள்.

பதில் (மெட்டுக்காரன்):
மெட்டுக்குப் பாட்டெழுதும் வழக்கத்தில் ஊறிய நமக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை; ஆனால் சில்வெஸ்ட்ரி ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு சாதாரணமானதன்று. ஃப்ராஸ்டின் கவிதை நான்கு பத்திகள், பதினாறு அடிகள், அடிக்கு நான்கு அழுத்தம் கொண்டது. ஒவ்வொரு பத்தியிலும் மூன்றாம் அடி மட்டும் இயைபிலிருந்து (அடியிறுதி ஒலி ஒப்புமையிலிருந்து) விலகி நிற்க, விலகிய அந்த ஒலியே அடுத்த பத்தியின் இயைபாகிறது; கடைசிப் பத்தியில் நான்கு அடிகளும் ஒரே ஒலியில் முடிய, இறுதி அடி இருமுறை வருகிறது. மாற்றுக் கவிதை இந்தச் சங்கிலியை அப்படியே காத்திருக்கிறது. ஃப்ராஸ்டின் 'ஸ்லீப்' என்ற இறுதிச் சொல் மட்டுமன்றி, அவருடைய 'டார்க் அண்ட் டீப்' என்ற சொற்கட்டும் அதில் இருக்கிறது. குரல்கள் பெரும்பாலும் ஒன்றாகவே சொல்லை உச்சரித்து நகரும் படைப்பு இது என்பதால், அழுத்தம் ஓரிடத்தில் பிசகினாலும் உடனே வெளியே தெரிந்துவிடும்.

பதில் (கீழ்ச்சுருதி):
யாப்புப் பொருத்தத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி உணர்வைப் பற்றியது அல்லவா? ஃப்ராஸ்டின் பயணிக்குக் காடு எவ்வளவு இனிதாக இருந்தாலும் அவன் அங்கே தங்கப் போவதில்லை. கொடுத்த வாக்கு இருக்கிறது, கடக்க வேண்டிய தொலைவு இருக்கிறது. சில்வெஸ்ட்ரியின் கவிதையில் பேசுபவரோ படுக்கையில் உறக்கம் வராமல் தவித்து, முடிவில் தம்மை உறக்கத்திடம் ஒப்படைக்கிறார். இப்போது இசையின் முடிவைக் கேளுங்கள்: 'ஸ்லீப்' என்ற ஒற்றைச் சொல் மீண்டும் மீண்டும் ஒலித்து, ஒலி குறைந்துகொண்டே போய்க் கரைகிறது. நடந்து செல்ல வேண்டியவனின் இசை இதுவன்று. எனவே, என் கணிப்பில், இரண்டாவதாக வந்த கவிதையே இந்த முடிவுக்கு நெருக்கமானது. ஃப்ராஸ்டின் சொற்களைப் பாடத்தான் விருப்பம் என்றால், 1959இல் இசையமைப்பாளர் ராண்டல் தாம்சன், ஃப்ராஸ்டின் கவிதைகளுக்கு இசையமைத்த 'ஃப்ராஸ்டியானா' தொகுப்பில் ஆண்குரல்களுக்காக அமைத்த வடிவம் ஏற்கெனவே இருக்கிறது.

நடுக்குரல்:
முடிவைப் பற்றிச் சொன்னது ஏற்கும்படி இருக்கிறது. ஆனாலும், ஒரு நிகழ்ச்சியில் மட்டும் மூலச் சொற்களோடு பாடிப் பார்க்கத் தடை உண்டா?

பதில் (மெட்டுக்காரன்):
உண்டு. கவிதைக்குத்தான் காலம் முடிந்திருக்கிறது, இசைக்கு அன்று. அச்சிட்ட படைப்பின் சொற்களை மாற்றிப் பாடுவதற்கு இசையமைப்பாளர் தரப்பின் எழுத்துப்பூர்வமான இசைவு வேண்டும். ஃப்ராஸ்டுக்கு அமைத்த வடிவம் இனி இல்லை என்றும், இப்போதைய வடிவமே தமக்குப் பெருமை தருவது என்றும் விட்டேக்கர் எழுதியிருப்பதால், கேட்டாலும் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.