மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி: விவரம் தெரிந்தவர்களின் உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டிய சில ஊர்களின் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்து, அக்டோபர் 2 கிராம சபையில் வைப்பதற்காக ஒரு தீர்மானம் தயாரித்து வருகிறோம்.

இப்பகுதியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும் என்பதால், எங்கள் முதல் கவலை குடிநீர். அடுத்தது பிழைப்பு. பட்டாதாரருக்காவது இழப்பீடு என்று ஒன்று உண்டு; அதே வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்தவர்களின் பெயர் பதிவேடுகளில் எளிதில் ஏறுவதில்லை.

2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, அவ்வாண்டு ஜனவரி 12-க்கு முந்தைய சுரங்கக் குத்தகைகளுக்கு ராயல்டியில் (எடுக்கும் கனிமத்துக்காகச் சுரங்க நிறுவனம் அரசுக்குக் கட்டும் தொகையில்) 30 சதவீதத்துக்குச் சமமான தொகையும், பிந்தையவற்றுக்கு 10 சதவீதமும் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்தப்பட வேண்டும். பாதிக்கப்பட்ட மக்களுக்கென்றே உள்ள பணம் இது. கருணைத் தொகை அல்ல. நேரடியாகப் பாதிக்கப்பட்ட ஊர்களின் பட்டியலையும் ஊர்வாரியான செலவுக் கணக்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்றவர்கள் இங்கு இருந்தால், கேள்விகளை எப்படி அமைத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். மனுவின் நகல் கிடைத்தால் பேருதவியாக இருக்கும். கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து பதிவுசெய்ய எங்கள் இளைஞர்களுக்குக் கற்றுத்தரக்கூடிய நிலத்தடி நீரியல் வல்லுநர் எவரேனும் இருந்தாலும் தெரிவியுங்கள். பயணச் செலவையும் தங்குமிடத்தையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.